தொட்டியில் விட்ட மருந்து

பார்லர் வேலையிலிருந்து வந்த தெயானிரா கைப்பையை நாற்காலியில் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மீன்தொட்டிக்கு மேலே இருந்த தட்டில் கீரையைக் காணோம்.

காலையில் அவள் கிளம்பும்போது தட்டு கொள்ளாமல், தண்ணீரில் வளரும் பெர்ரோ கீரை பச்சைப்பசேலென்று வழிந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு விரல் உயரத்துக்குக் காம்புகள்தான் மிச்சம். யாரோ கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! இந்த வீட்டுச் சாவி மூன்றே மூன்று பேரிடம்தான் உண்டு. ஒன்று அவளிடம். ஒன்று புந்தா கானாவில் ஹோட்டல் வேலையில் இருக்கும் அவள் கணவன் எலாடியோவிடம். மூன்றாவது, அவனுடைய தங்கை நோரிஸிடம். நோரிஸுக்கு இப்போது ஏழு மாதம்.



"இல்ல, அவ வியாழக்கிழமைதானே வருவா," என்று யாருமில்லாத வீட்டில் வாய்விட்டுச் சொன்னாள். நோரிஸ் மலைமேல் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். வியாழக்கிழமைதான் திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். இன்று செவ்வாய். ஆனால் சமையல் மேடையில் கத்தரிக்கோல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைக் கழுவிக் கவிழ்க்கிற பழக்கம் நோரிஸ் ஒருத்திக்குத்தான்.

கீழே தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் இரண்டும் அசையாமல் ஒரு மூலையில் நின்றன. தண்ணீரில் ஒரு நீலப்பச்சைச் சாயல். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவள் உற்றுப் பார்த்தாள்.

அந்தச் சாயலை உண்டாக்கியது அவள்தான்.

இரண்டு வருடம் முன்பு அந்த இடத்தில் வேறொரு தொட்டி இருந்தது. வாரம் தவறாமல் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்ற வேண்டும், கண்ணாடியைத் தேய்க்க வேண்டும், கசடை உறிஞ்ச வேண்டும். எலாடியோ பதினைந்து நாள் ஹோட்டலில், ஐந்து நாள் வீட்டில். அவன் இல்லாத நாட்களில் அந்த வேலையெல்லாம் தெயானிராவின் தலையில். ஒருநாள் அலுத்துப்போய், பாசி சீக்கிரம் போகட்டுமென்று பிளீச்சிங் திரவத்தால் தொட்டியைத் தேய்த்து, சரியாக அலசாமல் மீன்களைத் திரும்ப விட்டாள். பதினான்கு மீன் செத்தது. எலாடியோ ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டிலும் பிறகு போனிலுமாக எட்டு நாள் அவளிடம் பேசவும் இல்லை. அடுத்த பதினைந்து நாள் வேலைக்கும் பேசாமலேயே போனான். கை ஓங்குகிற ஆளில்லை அவன். ஆனால் அந்த எட்டு நாள் மௌனத்தை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

கோபம் தணிந்து திரும்பி வந்தபோது அவனே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். தொட்டியின் மேல் ஒரு நீளத் தட்டு. அதில் கூழாங்கல். சின்ன மோட்டார் ஒன்று கீழேயிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். மீன் கழித்த அழுக்கு அந்தத் தண்ணீரோடு கல்லிடுக்குகளுக்குப் போகும். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உரமாக்கும், கீரை அந்த உரத்தைத் தின்னும், சுத்தமான தண்ணீர் திரும்பக் கீழே விழும். வாளி வேண்டாம், தேய்ப்பு வேண்டாம். "உனக்கு இனி ஒரு வேலையும் இல்லடி. ஒரு சிட்டிகை தீனி போடு, குறைஞ்ச தண்ணிய ஊத்து, போய்ப் படு," என்றான்.

அன்று நோரிஸும் அங்கே இருந்தாள். முதல் இரண்டு கருவும் தங்காமல் போனவள். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெர்ரோ சாறு குடித்தால் ரத்தம் ஊறும் என்று அவர்கள் ஊரான மோகாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஆற்றோரத்தில் விளைந்து சந்தைக்கு வரும் பெர்ரோவை எலாடியோ நம்பவில்லை. "மேல எந்தப் பன்னி குளிச்சுதோ, என்ன புழு இருக்கோ. நம்ம தட்டுல நான் போடுறேன். அதைத் தவிர வேற எதையும் நீ தொடாத," என்று தங்கையிடம் சொன்னான். பிறகு இருவரையும் பார்த்து விரலை ஆட்டினான். "ஒரே ஒரு கண்டிஷன். இந்தத் தண்ணியில எதுவும் விழக்கூடாது. மருந்து, சோப்பு, பிளீச்சு, எதுவும். தண்ணியில விழுந்தது இலைக்குப் போகும், இலைக்குப் போனது நம்ம வயித்துக்குப் போகும்."

தெயானிரா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு வருடம் ஒரு வில்லங்கமும் இல்லை. பத்து நாளைக்கு முன்பு சந்தையில் ஒரு பேசினுக்குள் ஆரஞ்சும் கறுப்புமாகச் சின்ன மீன்கள் துள்ளுவதைப் பார்த்து ஆசைப்பட்டு இரண்டு வாங்கிவந்தாள். எலாடியோ வந்ததும் காட்டி அசத்த வேண்டும் என்று நினைப்பு. தனிப் பாத்திரத்தில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. நேராகத் தொட்டியில் விட்டாள். ஒரு வாரத்துக்குள் அவை இரண்டும் செத்தன. சனிக்கிழமை காலை, ஏஞ்சல் மீன்களின் வாலிலும் செவுளிலும் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. எலாடியோ இரண்டு வருடமாக வளர்த்த ஜோடி. அடுத்த சனிக்கிழமை அவன் வருகிறான்.

அவளுக்கு மனசுக்குள் அந்த எட்டு நாளும் திரும்ப ஓடியது. நேராகப் பாபோலோவின் மீன் கடைக்குப் போனாள். அவன் ஒரு பெரிய பாட்டிலிலிருந்து சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தான். அன்றைக்கு ஒரு மூடி ஊற்றினாள். புள்ளி குறையவில்லை. திங்கட்கிழமை இன்னும் இரண்டு மூடி. கீரை? புதன்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடலாம், நோரிஸ் வருவதற்குள் ஏதாவது காரணம் யோசித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நோரிஸுக்குப் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. பத்து மணியிலிருந்தே தெருவில் கரண்ட் இல்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதே குரல்.

நோரிஸ் வீடு நான்கு தெரு தள்ளி. ஓடினால் ஐந்து நிமிடம். ஆனால் தெயானிராவின் கால்கள் அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் அந்த மருந்து என்ன மருந்து என்று கேட்டுவிட்டால், ஒருவேளை பாபோலோ 'ஒண்ணும் ஆகாது' என்று சிரித்துவிட்டால், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு அவள் கடைக்கு நடந்தாள். பிற்பாடு அந்த அரை மணி நேரத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"வா அழகி! மீனுங்க பொழச்சுதா, இல்ல வாழைக்காயோட சேத்துப் பொரிச்சுட்டியா?" பாபோலோ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"நீ குடுத்த மருந்துல என்ன இருக்கு?"

"வேலை செய்யலையா? இன்னொரு மூடி ஊத்து."

"என்ன இருக்குன்னு கேட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். பெரிய பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். ஏதோ வெளிநாட்டு மொழி. பொடி எழுத்து. ஆனால் படங்களைப் படிக்க எழுத்து வேண்டாமே. முள்கரண்டியும் மீனும், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் மண்டை ஓடு இல்லை, அதைவிட மோசமான ஒன்று இருந்தது: வயிறு பெருத்த ஒரு பெண்ணின் உருவம். அதன் குறுக்கேயும் சிவப்புக் கோடு.

"இது... இது எதுக்கு இந்தப் பொம்பள?"

"புள்ளத்தாச்சிங்க தொடக் கூடாதாம். அது எல்லா மருந்துலயும் போடுறதுதான். மீனத் திங்கக் கூடாது, அவ்ளோதான். அழகுக்கு வளக்குற மீனை யாரு திங்கப்போறா?"

"கீரைய?"

"கீரையா? மீன்தொட்டியில ஏது கீரை?"

 பாபோலோ மெதுவாகத் தோளிலிருந்த வலையை எடுத்துக் கீழே வைத்தான்.

"யாராச்சும் தின்னுட்டாங்களா?"

"இல்ல."

"இல்லன்னா சரி. இந்தா பாரு, நீ கீரையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேன். என் பேரை இதுல இழுக்காத, ஆமா."

அவன் பயந்துவிட்டான் என்பதைப் பார்த்ததும்தான் அவளுக்கு முழுப் பயமும் வந்தது. போனை எடுத்து அந்த லேபிளைப் படம் பிடித்தாள். அவசரத்தில் முதல் படம் கலங்கலாக வந்தது. இரண்டாவது படம் எடுத்துவிட்டு ஓடினாள்.

நோரிஸ் வீட்டு முன்வாசலில் ஆடுநாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வாஸ்கர் பஸ் ஓட்டுகிறவன். பொழுது சாய்ந்துதான் வருவான்.

"வாங்க அண்ணி! கரண்டு இல்லாம அவிச்ச வாழைக்கா மாதிரி வெந்துட்டேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது? நாய் துரத்துச்சா?"

"நீ எப்ப வந்த? வியாழக்கிழமைன்னு தானே சொன்ன?"

"அந்த மாமியாக்காரியோட ரெண்டு நாளே ஜாஸ்தி. நடக்காத, குனியாத, சிரிக்காத. சிரிச்சா புள்ள வழுக்கி விழுந்துடுமாம். பஸ் ஏறி வந்துட்டேன்." சிரித்தாள். "வந்த கையோட உங்க தோட்டத்தையும் மொட்டையடிச்சுட்டேன். கோவமா?"

அவள் காலடியில், தரையில், ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. விளிம்பில் பச்சை நுரை காய்ந்திருந்தது.

"குடிச்சிட்டியா?" தெயானிராவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ரெண்டு டம்ளர். ரெண்டு நாள் பாக்கி இருந்துச்சுல்ல, கரண்டு போறதுக்குள்ள அரைச்சுட்டேன். ஆனா இந்தத் தடவை கொஞ்சம் கசப்பு அண்ணி. கீரை முத்திப்போச்சோ? எலுமிச்சம்பழத்தை ஜாஸ்தியாப் பிழிஞ்சு கண்ணை மூடிக்கிட்டு ஊத்திக்கிட்டேன்."

"மிச்சம்?"

"ஃப்ரிட்ஜுல. உங்களுக்கு வேணுமா?"

தெயானிரா உள்ளே போனாள். ஜாடியில் பாதி இருந்தது. எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். பச்சைத் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலிலிருந்து நோரிஸ் கேட்டாள்: "என்ன கொட்டுற சத்தம்?"

"கீரையில பூச்சி விழுந்திருக்கு. இப்பத்தான் பாத்தேன். அதான் ஓடி வந்தேன். இனிமே அதைத் தொடாத."

"சீ! நான் பூச்சியையா அரைச்சுக் குடிச்சேன்?" நோரிஸ் குமட்டுவதுபோல் நடித்து, தானே சிரித்தாள். "போகட்டும், அதுலயும் சத்து இருக்கும்."

எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது! தெயானிரா ஜாடியைக் கழுவினாள். இரண்டு டம்ளர்தானே. அத்தனை பெரிய தொட்டித் தண்ணீரில் மூன்று மூடி மருந்து. அதில் இலைக்குப் போனது எவ்வளவு, இவள் வயிற்றுக்குப் போனது எவ்வளவு. அந்தப் படத்தை எல்லா மருந்திலும் போடுவார்கள் என்று பாபோலோவே சொன்னானே. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போய்விடலாம் என்றுதான் வந்தாள்.

"உக்காருங்க அண்ணி. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்ல. உள்ள இருக்கிறதும் மத்தியானத்திலேருந்து தூங்குது. காலையில பஸ்ஸுல என்னா உதை உதைச்சா தெரியுமா! இப்ப தட்டுறேன், தடவுறேன், அசையவே மாட்டேங்குறா. அவங்கப்பன் மாதிரி சோம்பேறி."

நோரிஸ் விசிறிக்கொண்டே சிரித்தாள். எதிர்ச்சாரிக் கடையில் ஒரு பாட்டுப் பெட்டி, பேட்டரியில் ஓடுகிறது போலிருக்கிறது, பசாத்தா காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. தெயானிராவுக்கு அந்தப் பாட்டு ரொம்ப தூரத்தில் கேட்டது. 

நாற்காலியின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நோரிஸ், கீரையில பூச்சி இல்ல."

"என்ன?"

"மீனுக்குச் சீக்கு வந்துச்சு. தண்ணியில மருந்து ஊத்தினேன். சனிக்கிழமை. அப்புறம் நேத்து."

விசிறி நின்றது. நோரிஸ் கத்துவாள் என்று தெயானிரா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன மருந்து?"

தெயானிரா போனில் படத்தைக் காட்டினாள். நோரிஸ் நெடுநேரம் பார்த்தாள். அவள் உதட்டில் ரத்தமில்லை.

"தண்ணியில எதையும் ஊத்தக் கூடாதுன்னு எங்கண்ணன் சொன்னப்ப நானும் அங்கதானே நின்னேன். உங்க பக்கத்துல."

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு? ரெண்டு மீனுக்கா?"

தெயானிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜூஸைக் கொட்டிட்டீங்க," என்றாள் நோரிஸ். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பூச்சின்னு சொல்லிட்டுப் போகப் பாத்தீங்க. அவ அசையலன்னு நான் சொல்லலைன்னா போயிருப்பீங்கதானே?"

"ஆமா."

"என்னைத் தூக்கி விடுங்க. தொடாதீங்க... இல்ல, தூக்கி விடுங்க. எனக்கு எந்திரிக்க முடியல."

உள்ளே போய், அரைக்காமல் மிச்சம் வைத்திருந்த கீரைப் பையை டாக்டரிடம் காட்ட நோரிஸே எடுத்து வந்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு அது தோன்றியது. தெயானிராவுக்குத் தோன்றவில்லை. தெருமுனையில் ஆறு பேரை அடைத்துக்கொண்டு வந்த பொதுக் கார் ஒன்றைத் தெயானிரா குறுக்கே நின்று மறித்தாள்.

"ஏம்மா, சாக ஆசையா?" என்று கத்திய டிரைவர் பின்னால் வந்துகொண்டிருந்த வயிற்றைப் பார்த்தான். உடனே பயணிகள் பக்கம் திரும்பினான். "எல்லாரும் இறங்குங்க. இறங்குங்கய்யா, புள்ளத்தாச்சி! கோழியைக் கூடவே எடுத்துட்டுப் போ பெரியம்மா, அதை நான் பாத்துக்க முடியாது."

ஆஸ்பத்திரி போகும்வரை இருவரும் பேசவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நோரிஸ் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அசைம்மா, அசைம்மா," என்று முணுமுணுத்தாள். தெயானிரா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நோரிஸின் முதல் கரு போனபோதும் இப்படித்தான் ஒரு காரில், இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். அப்போது நோரிஸ் அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

டாக்டர் ஒல்லியான பெண். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "என்ன குடிச்சீங்க, எவ்ளோ, எத்தனை மணிக்கு?" கேட்டுக்கொண்டே வயிற்றில் பசையைத் தடவினார். "மிச்ச ஜூஸ் எங்க?"

"கொட்டிட்டேன்," என்றாள் தெயானிரா.

டாக்டர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். தெயானிரா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கருவியை வயிற்றின் வலப்பக்கம் வைத்தார்கள். கரகரவென்ற சத்தம். இடப்பக்கம் நகர்த்தினார்கள். அதே கரகர. நர்ஸ் கொஞ்சம் அழுத்தினாள். கீழே இறக்கினாள். சுவரில் ஒரு பல்லி ஓடியது. நோரிஸ் கண்ணை இறுக மூடியிருந்தாள், காது மட்டும் உயிரோடு இருப்பதுபோல. "இருங்க," என்றாள் நர்ஸ்.  தெயானிரா மாதாவை வேண்டவில்லை. வேண்டுவதற்கு வாயில்லை என்று தோன்றியது.

பிறகு வந்தது. மலையேறும் பழைய மோட்டார் பைக் போல, டுப் டுப் டுப் டுப் என்று மூச்சுவிடாமல் ஒரு சத்தம். நோரிஸ் விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள்.

"துடிப்பு சரியா இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா இன்னும் முடியல."

வெளியே போய் விஷ முறிவு விவரம் சொல்லும் இடத்துக்குப் போன் செய்தார். தெயானிராவின் போனிலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தார். திரும்பி வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"இந்த அளவுக்கு அம்மாவுக்கு எதுவும் ஆகாதுன்னுதான் நினைக்கிறாங்க. குழந்தைக்கும் ரொம்ப கொஞ்சமாத்தான் போயிருக்கும். ஆனா 'எதுவும் ஆகாது'ன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். கர்ப்பிணிங்களுக்குக் குடுத்து யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல. ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். அப்புறம் வாரா வாரம் வரணும்." கொஞ்சம் நிறுத்தினார். "எந்த மருந்துன்னு தெரியாம வந்திருந்தா, நான் இருட்டுல கை விட்டுத் தேடிக்கிட்டிருப்பேன். சொன்னது நல்லதாப் போச்சு."

அந்தப் பாராட்டு தெயானிராவின்மேல் சுடுதண்ணீர் மாதிரி விழுந்தது. கட்டிலில் படுத்திருந்த நோரிஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். 

சேதி கேட்டு ஐந்து மணிக்கு வாஸ்கர் பஸ் கம்பெனிச் சட்டையோடு ஓடி வந்தான். பத்து நிமிடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தான்.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க."

"நான் இங்க இப்படி ஓரமா..."

"வேணாம்க்கா. அவ உங்களப் பாக்க வேணாங்குறா. குழந்தை அசைஞ்சிடுச்சு, அதச் சொல்லச் சொன்னா. அவ்ளோதான்."

ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து தெயானிரா எலாடியோவுக்குப் போன் செய்தாள். வேறு யாரும் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. சந்தையில் மீன் வாங்கியதிலிருந்து ஜூஸைக் கொட்டியது வரை ஒன்றையும் விடவில்லை. மறுமுனையில் சத்தமே இல்லை. இதோ தொடங்கிவிட்டது என்று நினைத்தாள். எட்டு நாளா, எண்பது நாளா.

"அவ எப்படி இருக்கா?" என்றான் கடைசியில்.

"துடிப்பு இருக்கு. அசையுதாம்."

"மீன் சீக்குன்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

"நீ பேசாம இருந்துடுவியோன்னு..."

 பிறகு அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கதவுக்கு உள்தாழ் போடாத. காலை பஸ்ஸுல வர்றேன்," என்றான்.

அவன் வந்தபோது தொட்டித் தண்ணீர் மோர் போலக் கலங்கி நாற்றமெடுத்திருந்தது. கல்லிடுக்கிலிருந்த நுண்ணுயிர்களையும் மருந்து கொன்றிருந்தது. ஏஞ்சல் மீன்களில் ஒன்று மல்லாந்து கிடந்தது. மற்றதை வாளியில் எடுத்துப் போட்டான். அது மறுநாள் போயிற்று. காம்போடு கீரையைப் பிடுங்கிக் கட்டி எறிந்தான். கற்களை அள்ளிக் கொட்டினான். தெயானிரா பக்கத்தில் நின்று கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். அவன் பேசினான். கொஞ்சமாகத்தான், "அந்த வாளி," "அதைப் பிடி" என்று. ஆனால் பேசினான். சாயங்காலம் தங்கையைப் பார்த்துவிட்டு வந்து, வெறும் தொட்டியின் முன் உட்கார்ந்து, "உன்னை இவ்ளோ பயமுறுத்தி வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாது," என்றான்.  அவன் திட்டியிருந்தால் தேவலை என்று தெயானிராவுக்கு இருந்தது.

நோரிஸுக்கு முப்பத்தேழாம் வாரத்தில் பெண் பிறந்தது. ஆறு பவுண்டு. நல்ல குரல். யாரிஸா என்று பேர் வைத்தார்கள். பார்க்கப் போன தெயானிரா அறை வாசலைத் தாண்டவில்லை. அங்கிருந்தபடியே கை விரல்களை எண்ணினாள், கால் விரல்களை எண்ணினாள். பத்தும் பத்தும் இருந்தன. ஆனால் விரல் எண்ணித் தெரிகிற விஷயமா அது? குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, வெளிச்சத்தைப் பார்க்கிறதா, சிரிக்கிறதா. எலாடியோ தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் கேட்பாள். "நல்லாத்தான் இருக்காடி," என்பான். அடுத்த முறையும் கேட்பாள். நோரிஸ் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. தெருவில் பார்த்தால், "என்ன அண்ணி," என்பாள், நடந்துகொண்டே.

யாரிஸாவுக்கு நாலு மாதம் ஆனபோது, ஒரு சனிக்கிழமை பார்லர் நிறையக் கூட்டம். தலைக்குச் சுருள் மாட்டிக்கொண்டு எட்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு நோரிஸ். குழந்தை பிறந்ததிலிருந்து முடியே வாராதவள் மாதிரி இருந்தாள்.

"நாளைக்கு ஞானஸ்நானம். இந்தத் தலையோட சர்ச்சுக்குப் போனா சாமியார் எனக்குத்தான் தண்ணி தெளிப்பாரு," என்றாள். நேராக வந்து தெயானிராவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

 தெயானிரா துண்டை அவள் கழுத்தில் சுற்றினாள். தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீரைக் கையில் விட்டுச் சூடு பார்த்தாள். ஷாம்பூ பாட்டிலை எடுத்தாள்.

"அதுல என்ன இருக்கு?" என்றாள் நோரிஸ், கண்ணைக் கூரையில் வைத்தபடி. "பால் குடுக்குறேன் நான்."

தெயானிரா பாட்டிலைத் திருப்பிப் பிடித்தாள். முதல் வரியிலிருந்து வாசித்தாள். வாயில் நுழையாத பேர்களையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்தாள். காத்திருந்த ஒருத்தி, "இதென்ன, பைபிளா வாசிக்கிறே? எங்க முறை எப்ப?" என்று கத்தினாள். தெயானிரா கடைசி வரிவரை, காலாவதித் தேதிவரை வாசித்து முடித்தாள்.

"சரி," என்றாள் நோரிஸ்.

குழந்தையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்து நாற்காலிப் பெண் கை நீட்டினாள். நோரிஸ் கொடுக்கவில்லை, மார்போடு வைத்துக்கொண்டாள். யாரிஸா அங்கிருந்து தெயானிராவையே கண் கொட்டாமல் பார்த்தாள். முதல் சொட்டு நுரை முடியில் பட்டபோது குழந்தை பலமாக ஒரு தும்மல் போட்டது. தெயானிரா பதறிக் குழாயை மூடிவிட்டாள். 

"தும்மல்தான் அண்ணி," என்றாள் நோரிஸ். "திறங்க. தண்ணி ஆறுது."